மஞ்சள் கட்டம்

பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எனக்கு, இலத்தூரில் எல்லோரும் ஒரே வேலையைத்தான் சொன்னார்கள். ஏடிஎம் வாசலில் உட்காரலாம், நகைக்கடை வாசலில் நிற்கலாம், காலேஜ் கேட்டில் விசில் ஊதலாம். என் மனைவி மாடத்தியின் தம்பி வேல்ராஜ் மதுரையில் போலீஸ். போன் பண்ணினால் அவனுக்கும் இதே பேச்சுதான். "அத்தான், ஒங்க ஒடம்புக்கு செக்யூரிட்டி டிரெஸ் போட்டா அப்படி இருக்கும்."

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதினேழு வருஷத்தில் பாதி நாள், எவனோ உள்ளே போவதையும் எவனோ வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். இனி எந்தக் கதவுக்கு முன்னாலும் நிற்க மாட்டேன், உட்கார்ந்து மூளையால் செய்கிற வேலைதான் செய்வேன் என்று மாடத்தியிடம் சொன்னேன்.

"மூளையாலயா? அப்ப மொதல்ல அது எங்கன இருக்குன்னு தேடணும்லா" என்றாள்.

தேடிக்கொண்டு தென்காசிக்குப் போனேன். செல்போன் கடை ஒன்றின் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். ஆறு மாத வகுப்பு. கடையிலும் ஆபீசிலும் மேஜை மேல் இருக்கிற கம்ப்யூட்டரில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்குமே, பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் இருக்குமே, அந்த மாதிரி அப்ளிகேஷன்களைச் செய்யச் சொல்லித் தருவார்கள். படித்ததெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். பாடம் எடுத்த ஆனந்தவள்ளி மேடம் என்னைவிடப் பத்து வயது சின்னவர். முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் மட்டும் விறைப்பாக எழுந்து நின்றேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும் என்று நின்றேன்.

அங்கே பன்னிரண்டு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஐந்து உயிர் விட்டு வருஷக்கணக்காகிறது. அதனால் ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். எனக்கு வாய்த்த சிஸ்டம் பார்ட்னர் லிங்கேஸ்வரன், இருபத்தைந்து வயது. பாவூர்சத்திரத்தில் பிளெக்ஸ் போர்டு டிசைன் செய்துகொண்டிருந்தவன். சடங்கு வீடு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவன் கைவண்ணம். மவுஸ் அவன் பேச்சைக் கேட்கும். நான் ஒரு பட்டனை இழுத்து வைத்தால் அது சாய்ந்து போய் ஓரத்தில் நிற்கும்.

"அண்ணாச்சி, ஒங்க பட்டாளத்துல இப்படித்தான் பரேடு நிப்பாவளா?" என்று கேட்பான். எனக்கும் சிரிப்பு வரும்.

ஆக, முதல் வாரத்திலேயே மவுஸ் அவன் கைக்கும் கீபோர்டு என் கைக்கும் போய்விட்டது. ஆறு மாதமும் அதை மாற்றவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த வேலையில் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு உண்டு. ஜன்னலில் ஒரு பட்டனை வரைந்து வைக்கலாம், அழகாக இருக்கும், அழுத்தினால் ஒன்றும் நடக்காது. அழுத்தும்போது என்ன நடக்க வேண்டும் என்பதைப் பின்னால் கம்ப்யூட்டர் பாஷையில் எழுத வேண்டும், அதற்குக் கோட் என்று பெயர். எழுதினாலும் போதாது, இந்தப் பட்டனுக்கு இந்தக் கோட் என்று சேர்த்துவிட வேண்டும். மேடம் அதை முடிச்சு என்பார். "முடிச்சுப் போடாத பட்டன் வெறும் படம்" என்பார். முன்பக்கம் முழுக்க லிங்கம், பின்பக்கமும் முடிச்சும் நான்.

லேப்டாப் அவனிடம் மட்டும்தான் இருந்தது. நான் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். காலை நாலரைக்கு விழித்துவிடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து பென்சிலால் கோட் எழுதுவேன். எழுதியதை வரி வரியாக விரல் வைத்து, இது நடந்தால் இங்கே போ, நடக்காவிட்டால் அங்கே போ என்று வாய்விட்டு ஓட்டிப் பார்ப்பேன். மாடத்தி போர்வைக்குள்ளிருந்து, "விடியுமுன்ன ஆருக்கு ரூட்டு சொல்லுதிய?" என்பாள். வகுப்புக்குப் போய் நோட்டைப் பார்த்து இரண்டு விரலால் அடிப்பேன். பெரும்பாலும் முதல் தடவையே ஓடும். அப்போது மேடம் என்னைப் பார்க்கிற பார்வைக்காகவே இன்னொரு வருஷம் படிக்கலாம் போலிருந்தது.

கடைசியில் ஒவ்வொரு ஜோடியும் ஒரு நிஜமான இடத்துக்கு ஒரு அப்ளிகேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். லிங்கத்துக்குத் தெரிந்தவர் செல்லப்பா. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்தார், நாற்பத்திரண்டு அறை. இருவரும் போய்ப் பார்த்தோம். லிங்கம் பேசினான், நான் நோட்டோடு பின்னால் நின்றேன். "சரியா ஓடிட்டுன்னா செஞ்ச ஆள நம்ம ஆபீஸ்லயே ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சிருதேன். இன்னும் ரெண்டு லாட்ஜ் இருக்கு எனக்கு" என்றார் செல்லப்பா.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வரும்போது லிங்கம் சொன்னான். "அந்த நாற்காலி ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. நான் மெட்ராஸ் போற ஆளு. எனக்கு எதுக்கு?" அன்றைக்கு அவனுக்கு வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் அந்த வடை எரிகிறது.

பங்குனியில் மூன்று நாள் அந்த லாட்ஜ் மேஜை அருகே போய் நின்றேன். லிங்கம் வரவில்லை. செல்லப்பா முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்கக் கேரளா போயிருந்தார். மேஜையில் இருந்த ஆளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கவனித்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் நாற்பத்திரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு சாவி. சாவி தொங்கினால் அறை காலி என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் குற்றாலத்தில் உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு ஒரு துண்டோடு அருவிக்குப் போகிறவன் சாவியை எங்கே வைப்பான்? மேஜையில் கொடுத்துவிட்டுப் போகிறான். சாவி தொங்கும், அறைக்குள் அவன் பெட்டி இருக்கும். சீசன் கூட்டத்தில் அந்த அறையை வேறொரு குடும்பத்துக்குத் திறந்து கொடுத்துவிடுவார்கள். வருஷத்துக்கு நாலு சண்டையாவது அதில் வரும் என்றார் அந்த ஆள். சித்திரையோடு அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார்.

பலகையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தோம். நாற்பத்திரண்டு கட்டம். ஆள் இருந்தால் சிவப்பு. சாவி திரும்பி வந்தால் பச்சை. கொடுத்தவர் குளிக்கப் போகிறார் என்றால் 'குளியல்' என்ற பட்டனை அழுத்த வேண்டும், பச்சை மஞ்சளாகும். மஞ்சள் என்றால் சாவி இருக்கும், அறை காலி இல்லை. இதற்கு மட்டும் நோட்டில் ஒன்பது பக்கம் எழுதினேன். லிங்கத்துக்கு மஞ்சள் பிடிக்கவில்லை. "டிசைனே கெட்டுரும் அண்ணாச்சி, கண்ண உறுத்துது" என்றான். உறுத்தட்டும், அதுக்குத்தான் மஞ்சள் என்றேன்.

எல்லாம் முடிந்த அன்று ஜன்னலின் தலைப்பில் செய்தவர் பெயர் போட வேண்டும். இரண்டு பெயரும் சேர்த்தால் நீளம், அசிங்கமாக இருக்கும் என்றான். "இப்பத்திக்கு எம் பேர அடிங்க. லேப்டாப் என்னதுலா. காட்டப் போற அன்னைக்கு ஒங்க பேரா மாத்திக்கிடலாம்." பட்டாளத்தில் சாப்பாட்டு வரிசையில் சின்னவனை முன்னால் விடுவோம். அதே நினைப்பில் விட்டுக்கொடுத்தேன். கீபோர்டு என் கையில்தானே இருந்தது? உருவாக்கியவர் லிங்கேஸ்வரன் என்று ஒவ்வொரு எழுத்தாக நானே அடித்தேன்.

வைகாசியில் கொண்டுபோய்க் காட்டுவதாகப் பேச்சு. அதற்கு முந்தின நாள் லிங்கம் போன் செய்தான். "மொதலாளி வீட்டுல ஒரு துட்டி ஆகிப்போச்சு அண்ணாச்சி. சீசன் முடியட்டும்னு சொல்லிட்டாரு." சாவு விழுந்த வீடா, ஐயோ பாவம் என்றேன். வகுப்பும் முடிந்துவிட்டது. அதன் பிறகு எப்போது போன் செய்தாலும் "சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வைத்துவிடுவான். மாடத்தி அடிக்கடி கேட்டாள். துட்டி வீட்டில் போய் வேலை கேட்டு நச்சரிக்கக் கூடாது என்று அவளுக்கு நான் புத்தி சொன்னேன்.

ஆனி பிறந்து சாரல் கட்டியது. வேல்ராஜ் லீவு போட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு குளிக்க வந்தான். மாடத்தியும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளும் முன்னாடியே ஐந்தருவிக்குப் போனார்கள். குளித்துவிட்டு வந்து உடை மாற்ற ஒரு அறை வேண்டும். "நமக்குத் தெரிஞ்ச லாட்ஜ் இருக்கு, வா மாப்ள. சீசன் முடிஞ்சதும் நான் இங்கனதான் இருப்பேன்" என்று பெருமையாக வேல்ராஜை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மேஜை மேல் ஒரு பெரிய திரை. அதில் நாற்பத்திரண்டு கட்டம்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. ஓடுகிறதே! நோட்டில் பென்சிலால் எழுதியது, யாரோ ஒரு மனிதருக்கு அறை கொடுத்துக்கொண்டிருக்கிறதே! அப்புறம்தான் தலைப்பில் இருந்த பெயரைப் படித்தேன். அதற்கும் அப்புறம்தான் திரைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தவனைப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. லிங்கம்.

பக்கத்துச் சோபாவில் செல்லப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகத்தில் துக்கத்தின் சாயலே இல்லை. "வாங்க தம்பி, லிங்கத்துகூட அன்னைக்கு வந்தவர்தான?" என்றார்.

"வீட்டுல ஒரு துட்டின்னு சொன்னாங்களே" என்றேன்.

"ஆரு வீட்டுல? நாங்க எல்லாரும் நல்லா இருக்கமே!" என்று சிரித்தவர், வேல்ராஜைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாருங்க தம்பி, இதுல மஞ்சன்னு ஒண்ணு வரும். குளிக்கப் போறவன் சாவியக் குடுத்துட்டுப் போவாம்லா, அதுக்கு. முப்பது வருசமா லாட்ஜ் நடத்துதேன், எனக்கே தோணல. இந்தப் பயலுக்குத் தோணிருக்கு பாருங்க."

லிங்கம் அவசரமாக எழுந்து என் தோளைத் தொட்டு ஜெனரேட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். வேல்ராஜும் பின்னாலேயே வந்தான்.

"ஏலே, நாற்காலி எனக்குன்னு சொன்னேல்லா?" என்று கேட்டேன். "துட்டின்னு பொய் சொன்னேல்லா? நானும் நம்பி மொதலாளிக்காக வருத்தப்பட்டேன்லே!"

"கத்தாதிய அண்ணாச்சி, கஸ்டமர் இருக்காவ." அவன் குரலில் பயம்கூட இல்லை, அதுதான் என்னை அறுத்தது. "எங்க வீட்டுல மெட்ராசுக்கு விட மாட்டேன்னுட்டாவ. நானும் என்ன செய்ய? ஆனா ஒங்கள நான் மறக்கல. மொதலாளிகிட்ட ஒங்களப் பத்திச் சொல்லி வச்சிருக்கேன். கேட்டுல ஒரு ஆளு வேணுமாம். மிலிட்டரின்னதும் அவருக்கு ரெம்பப் புடிச்சிட்டு. சட்டை அளவு மட்டும் குடுத்திட்டுப் போங்க."

அடித்திருப்பேன். கை உயர்ந்துவிட்டது. வேல்ராஜ் குறுக்கே வந்து, "அத்தான், நல்ல சேதிதான சொல்லுதான்? எதுக்குக் கோவப்படுதிய?" என்றான். அவனுக்கு என் நோட்டும் தெரியாது, என் காலை நாலரை மணியும் தெரியாது.

அந்த நேரத்தில் முன்னால் பெரிய சத்தம் கேட்டது. அருவியில் தண்ணீர் கூடிவிட்டதால் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். போனவர்களெல்லாம் ஈரத்துண்டோடு ஒரே நேரத்தில் திரும்பி வந்து நின்றார்கள். அதில் ஒருவர் பதினேழாம் நம்பர் சாவியைக் கேட்டார். பதினேழில் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வேறு குடும்பம் ஏறியிருந்தது. இருபத்தொன்றுக்கும் அதே கதை. எண்ணெயும் தண்ணீருமாக மேஜையைச் சுற்றிக் கூட்டம் கத்தியது. ஒரு சின்னப் பிள்ளை குளிரில் பல் அடிக்க அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.

"என்னலே, மஞ்ச ஒண்ணுகூடக் காணும்?" என்று செல்லப்பா கத்தினார்.

லிங்கம் குளியல் பட்டனை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. நான் எட்டிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. முன்பு சாம்பல் நிறத்தில் இருந்த பட்டன் இப்போது பெரிதாக, அருவிப் படத்தோடு இருந்தது.

"இத எப்ப மாத்துன?"

"நேத்துச் சாயங்காலம். மொதலாளி படம் கேட்டாரு. பழசை அழிச்சிட்டுப் புதுசா வச்சேன்."

பழைய பட்டனை அழித்தால் முடிச்சும் அதோடு போய்விடும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் ஒரே சிஸ்டத்தில் உட்கார்ந்தவனுக்கு அது தெரியவில்லை. நான் எழுதிய கோட் பின்னால் அப்படியே கிடந்தது, அதைக் கூப்பிடத்தான் யாருமில்லை. பட்டனை அழுத்தியதோடு சரி, நிறம் மாறியதா என்று அவன் பார்க்கவில்லை; காலையிலிருந்து குளிக்கப் போனவர்கள் அறையெல்லாம் பச்சையாகவே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் போயிருக்கிறது.

கோட் பக்கத்தைத் திறந்தான். மேலும் கீழும் ஓட்டினான். அவன் நெற்றி வியர்ப்பதைப் பார்த்தேன். படட்டும், நன்றாகப் படட்டும், இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்தச் சின்னப் பிள்ளை நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்தது.

"தள்ளுலே" என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். நோட்டில் முப்பத்தோராம் பக்கம், பாராமலே தெரியும். ஒரே ஒரு வரி. இரண்டு விரலால் அடித்து, நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். யார் யார் குளிக்கப் போனவர்கள் என்று கேட்டு ஒவ்வொன்றாக அழுத்தினேன். கட்டங்கள் மஞ்சளாயின. ஏறிய குடும்பங்களை எந்தப் பச்சைக்கு மாற்றலாம் என்று நானே சொன்னேன். கால் மணி நேரத்தில் எல்லோரும் மாடி ஏறிவிட்டார்கள். கடைசியில் ஏழு பச்சை மிச்சமிருந்தது.

செல்லப்பா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லிங்கத்தின் முதுகில் ஓங்கித் தட்டினார். "ஏலே, அண்ணாச்சிக்கு நல்லாத்தாம்லே சொல்லிக் குடுத்திருக்கே!"

நான் லிங்கத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், துட்டி என்று சொன்ன பொய்யையும் சேர்த்து மன்னித்துவிடுவேன் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான்.

"ஆமா மொதலாளி. கிளாஸ்ல எம் பக்கத்துலதான் இருந்தாரு" என்றான்.

நான் எழுந்தேன். "மொதலாளி, இது நான் செஞ்சது. மஞ்ச நான் போட்டது. மூணு நாளு இங்கன நின்னு பாத்ததும் நான்தான். பின்னால இருக்கிற ஒவ்வொரு வரியும் எங் கையால அடிச்சது. வீட்டுல நோட்டு இருக்கு, காட்டுதேன்."

செல்லப்பா திரையின் தலைப்பைக் காட்டினார். "அப்ப இந்தப் பேரு?"

"அதையும் நான்தான் அடிச்சேன்."

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "தம்பி, ஒலகத்துல எவனாவது தான் செஞ்சதுக்கு அடுத்தவன் பேர அடிப்பானா?"

தலைப்பில் இருந்த பெயரை எழுத்து எழுத்தாக மறுபடி படித்தேன்.

"சரி, அத விடுங்க. கம்ப்யூட்டரும் தெரிஞ்ச ஆளு கேட்டுல இருந்தா நமக்கு நல்லதுதான். சட்டை அளவு என்ன?"

வேல்ராஜ் முந்திக்கொண்டான். "நாப்பத்திரண்டு போடுங்க மொதலாளி. அத்தானுக்கு நெஞ்சு அகலம்." லிங்கம் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டான்.

வெளியே வந்தேன். சாரல் முகத்தில் அடித்தது, அதுவும் நல்லதுக்குத்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே நடக்கலாம். கேட் மூடியிருந்தது. அதன் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நனைந்துகொண்டு கிடந்தது. வெளியே கேரளா வண்டி ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் வரவில்லை. மறுபடி அடித்தது. வண்டிக்குள்ளே பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தன.

கேட்டைத் திறந்துவிட்டேன்.

டிரைவர் கண்ணாடியை இறக்கினான். "ரூம் இருக்கா அண்ணா?"

"ஏழு இருக்கு. உள்ள போய்க் கேளுங்க" என்றேன்.